‘சரி’ சொன்ன பிறகு தொகையைத் திருத்தலாமா?

எங்கள் வீட்டில் எட்டுப் பங்கு. காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிடும் ஊர், பெயர் வேண்டாம். முகப்பில் நுழைந்து பின்கட்டு வழியாக வெளியே வந்தால் அடுத்த தெருவில் நிற்பீர்கள், அந்த மாதிரி வீடு. ஆனால் நிரந்தரமாக அங்கே இருப்பது ஒரு ஆச்சியும், வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் ஒருவரும்தான். மற்றவர்கள் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிறோம். அதனால் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், உட்கார்ந்து பேச வேண்டியதையெல்லாம் வாட்ஸப் குழுவில் பேசுகிறோம். அட்மின் நான். சம்பளம் இல்லாத கணக்கப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் இரண்டாம் கட்டில் ஓடு பிரித்து மேய வேண்டியிருந்தது. நாட்டு ஓடு, சட்டம் எல்லாம் ஒழுக்கில் ஊறி மூன்று இடத்தில் உளுத்துப் போயிருந்தது. வேலையைப் பார்த்துக்கொண்டவன் கோயம்புத்தூர் தம்பி, சித்தப்பா மகன். ராத்திரி 9.05-க்குக் குழுவில் போட்டான்: “கொத்தனார் சொன்னது மொத்தம் 3,20,000. பங்குக்கு 40,000. சரியா?” பத்து நிமிஷத்துக்குள் ஐந்து பேர் ‘சரி’ போட்டார்கள், இரண்டு பேர் கட்டைவிரல். எங்கள் குழுவில் இவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததே இல்லை. 9.15-க்குக் கொத்தனார் அவனுக்கு போன் போட்டு, சாரத்துக்கு 40,000 தனி, சொல்ல மறந்துவிட்டேன் என்றிருக்கிறார். அவன் என்ன செய்தான்? மேலே போட்ட மெசேஜைத் தொட்டு, 3,20,000-ஐ 3,60,000 ஆக்கி, 40,000-ஐ 45,000 ஆக்கி, படுத்துத் தூங்கிவிட்டான்.

அவன் மனதில் களவு இல்லை. புதுத் தொகை வந்தது, அதைப் போட்டேன், இதிலென்ன தப்பு என்றுதான் இன்றைக்கும் கேட்கிறான். ஆனால் சிங்கப்பூர் அண்ணன் 40,000 அனுப்பினார், தம்பி 5,000 குறைகிறதே என்று கேட்டான், அவர் குழுவைத் திறந்து பார்த்தால் 45,000 என்று இருக்கிறது, கீழே அவருடைய ‘சரி’யும் இருக்கிறது. தனக்கே மறதி வந்துவிட்டதோ என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறார் மனுஷன். கடைசியில் ஆச்சிதான், 9.10-க்கே அந்த மெசேஜைத் தன் மகனுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருந்தது ஞாபகம் வந்து எடுத்துக் காட்டினார்கள். அதில் 40,000. ஃபார்வர்ட் செய்தது தனி மெசேஜ் ஆகிவிடுவதால் மூலத்தில் செய்த திருத்தம் அதில் ஏறவில்லை. அப்புறம் நடந்ததை எழுதினால் குடும்பத்தில் இன்னொரு பஞ்சாயத்து ஆகும். அந்த வருஷம் படைப்புக்கு, பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையல் போடும் நாளுக்கு, இரண்டு பேரும் வந்தார்கள், ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள், முகம் கொடுத்துப் பேசவில்லை. அவ்வளவு சொன்னால் போதும்.

ஆப் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அனுப்பிய 15 நிமிஷத்துக்குள் திருத்தலாம், திருத்தினால் நேரத்துக்குப் பக்கத்தில் திருத்தப்பட்டது என்று பொடியாக ஒரு குறி விழும் என்று 2023-இல் இந்த வசதி வந்தபோதே சொல்லித்தான் கொடுத்தார்கள். பழைய வாசகம் என்ன என்பதை மட்டும் யாருக்கும் காட்டாது. திருத்தியதற்காகத் தனியாக மணியும் அடிக்காது. எழுத்துப்பிழை திருத்தத்தான் அது. நாங்கள் அதை வைத்துக் கணக்கைத் திருத்தினோம்.

இந்த வருஷப் படைப்புக்குள் ஒரு வழக்கத்தை முடிவு பண்ண வேண்டும் என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன், பங்காளி வீடு, கோயில் கமிட்டி, அபார்ட்மென்ட் சங்கம் என்று எதற்காவது நீங்கள் அட்மினாக மாட்டியிருந்தால் உதவும்.

முதல் யோசனை, இப்போது இருக்கிறபடியே விட்டுவிடுவது. திருத்துகிறவன் திருத்தட்டும், படிக்கிறவன் கவனமாகப் படிக்கட்டும். இதைச் சொன்னது யார் என்று உங்களுக்கே தெரியும். சிலேட்டில் எழுதுகிற மாதிரி இது. அழித்துவிட்டு எழுதினால் கீழே என்ன இருந்தது என்று தெரியாது, ஈரம் மட்டும் தெரியும். நாளைக்குக் காலை எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்பதற்கு சிலேட்டு போதும். பணத்துக்குப் போதாது. எனக்கு இதில் உறுத்துவது தொகை மாறியதுகூட இல்லை. அண்ணன் ‘சரி’ என்று சொன்னது 40,000 என்ற வாசகத்துக்கு. வாசகத்தை மாற்றிவிட்டு அந்தச் ‘சரி’யை அங்கேயே விட்டுவைத்தால், அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயால் சொல்ல வைத்த மாதிரி ஆகிறது. மெசேஜ் தம்பியுடையதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே ஐந்து பேர் பதில் சொன்ன பிறகு அது அவனுடையது மட்டும் இல்லையே.

இரண்டாவது, நேர் எதிர்ப்பக்கம்: திருத்தவே கூடாது, தப்பென்றால் புதுசாக இன்னொரு மெசேஜ் போடு. இது காசோலை வழி. பேங்க்கில் காசோலைகளைப் படம் பிடித்துத் தீர்வு செய்கிற சி.டி.எஸ். முறையில் பெயரிலோ தொகையிலோ அடித்துத் திருத்தினால் செல்லாது, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது, புதுத் தாள்தான் எழுத வேண்டும். ரிசர்வ் வங்கி இதை 2010-லேயே சொல்லிவிட்டது. சுத்தமான வழிதான். ஆனால் வாட்ஸப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. காசோலையைக் கிழித்துப் போட்டுவிடலாம், பழைய மெசேஜ் குழுவிலேயே கிடக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு மேலிருந்து படித்துக்கொண்டு வருகிறவர் முதலில் 40,000-ஐப் பார்த்து ‘சரி’ போடுவார், இருபது மெசேஜ் தள்ளி 45,000 இருப்பதைப் பார்க்கவே மாட்டார். நடுவில் யாராவது காலை வணக்கம் பூப்படம் போட்டிருந்தால் தீர்ந்தது.

அப்படியென்றால் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடலாமே என்று பெங்களூர்க்காரன் சொன்னான். அனுப்பியவர் சுமார் இரண்டரை நாள் வரைக்கும் எல்லோருக்குமாக நீக்கலாம், குழுவில் அட்மினும் மற்றவர்கள் மெசேஜை நீக்கலாம். வேண்டவே வேண்டாம். நீக்கிய இடத்தில் நீக்கப்பட்டது என்ற ஒரு வரி நிற்கும், அதற்குக் கீழே ஐந்து ‘சரி’கள் அந்தரத்தில் தொங்கும். எதற்குச் சரி என்று யாருக்கும் தெரியாது. அதுவும் அட்மினே நீக்கினான் என்று தெரிந்தால் எனக்கு ஊருக்குள் போக முகம் இருக்காது.

மூன்றாவது யோசனை சென்னை அத்தாச்சி சொன்னது, பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் யோசிக்க வைத்தது. திருத்து, ஆனால் பழையதை அழிக்காமல் பக்கத்தில் வை. வாட்ஸப்பில் சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒரு சின்ன அலைக்குறி போட்டால் அந்தச் சொல் குறுக்குக் கோடு அடித்ததாகத் தெரியும். பங்குக்கு 40,000 என்பதைக் கோடடித்துவிட்டு, பக்கத்தில் 45,000, சாரம் சேர்ந்தது, 9.17 என்று எழுதலாம். இதுதான் பத்திர வழி. பதிவு அலுவலகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் எழுதிக் கொடுக்கிறவர் அந்த இடத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட வேண்டும், இல்லாவிட்டால் சார்பதிவாளர் பதிய மறுக்கலாம். 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு அது. இத்தனை அடித்தல், இத்தனை திருத்தல் என்று பக்கத்தின் அடியில் பத்திர எழுத்தர்கள் குறித்து வைப்பதும் இதனால்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஐயாவின், அதாவது தாத்தாவின், பேரேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேல்வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறது, நீளவாக்கில் தைத்தது, ஓரமெல்லாம் செல் அரித்துவிட்டது. மேலே பிள்ளையார் சுழி, கீழே வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் பெயருக்கு நேரே தொகை ஒன்றை ஒற்றைக் கோடு போட்டு அடித்திருக்கிறார். கறுப்பு மையைக் கொட்டி மறைக்கவில்லை, அடித்த தொகையை இன்றைக்கும் படிக்கலாம். மேலே சரியான தொகை, அதற்குப் பக்கத்தில் கடுகு மாதிரி ஒரு கையெழுத்து. அந்தக் காலத்துச் செட்டியார்கள் கணக்கில் அன்றன்றைக்குச் சிட்டையில் எழுதி, பேரேட்டில் பெயர் பெயராகப் பிரித்து ஏற்றி, கடைசியில் ஐந்தொகை போட்டு வரவும் பற்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஐந்தொகை உதைத்தால் எங்கே தப்பு என்று பின்னோக்கித் தேடிப் போக வேண்டும். அழித்து எழுதியிருந்தால் எதைத் தேடுவது? அப்பச்சி (அப்பா) சொல்லுவார்கள், ஐயா தன் கடைப் பையன்கள் கையில் ரப்பரைக் கண்டால் பிடுங்கி வைத்துக்கொள்வாராம். உண்மையோ, அப்பச்சி சேர்த்த சரக்கோ, தெரியாது.

ஆக, கோடடித்துத் திருத்துவது நல்ல வழி. ஆனால் முழுசாகப் போதாது, ஏன் என்றால் முன்னே சொன்ன அதே காரணம்: திருத்தியதற்கு மணி அடிக்காது. ஏற்கெனவே ‘சரி’ சொல்லிவிட்டு போனை வைத்தவருக்கு அந்தக் கோடு கண்ணில் படவே படாது. அதுவும் 15 நிமிஷம் தாண்டிவிட்டால் திருத்தவே முடியாது. கொத்தனார் பதினாறாவது நிமிஷத்தில் போன் பண்ணினால் என்ன செய்வது?

நான்காவது, ஆப்பையே மாற்றுவது. இதில் எனக்குக் கொஞ்சம் ஆசை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். சிக்னல் ஆப்பில் 24 மணி நேரம் வரை திருத்தலாம், ஒரு மெசேஜை அதிகபட்சம் 10 முறை. முக்கியமான விஷயம், திருத்தப்பட்டது என்ற குறியைத் தொட்டால் முந்தைய வாசகங்கள் எல்லாம் வரிசையாக எல்லோருக்கும் தெரியும். இது அன்றைக்கு எங்களிடம் இருந்திருந்தால் அண்ணன் இரண்டு நாள் குழம்பியிருக்க வேண்டாம், தொட்டுப் பார்த்திருப்பார். டெலிகிராமில் 48 மணி நேரம் திருத்தலாம், ஆனால் பழைய வாசகம் உறுப்பினர்களுக்குத் தெரியாது. பெரிய குழுக்களில் அட்மின்களுக்கு மட்டும் அண்மை நடவடிக்கைகள் என்ற பதிவில் கடைசி 48 மணி நேரத்துத் திருத்தங்கள் தெரியும். அது எனக்குப் பிடிக்கவில்லை. யார் எதை மாற்றினார்கள் என்பது அட்மினுக்கு மட்டும் தெரிவது, ஏற்கெனவே என்னைச் சந்தேகமாகப் பார்க்கிற பங்காளிகளுக்கு நடுவில் என்னைத் துப்பறிகிறவனாக ஆக்கிவிடும்.

சிக்னல் ஜெயிக்க வேண்டியதுதான். ஆனால் ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயது. வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ் போடக் கற்றுக்கொடுக்கவே எனக்கு ஒரு தீபாவளி லீவு முழுக்கப் போனது. எட்டுப் பங்கில் ஐந்து பங்கு வந்து மூன்று பங்கு வராவிட்டால், அப்புறம் இரண்டு குழு, இரண்டு பேச்சு, இரண்டு தொகை.

வாய்ஸ் மெசேஜ் என்றதும் ஞாபகம் வருகிறது, ஆச்சியிடம் ஒரு யோசனை இருந்தது. “எல்லாரும் பேசிப் போடுங்கப்பா, பேசினதை யாரு திருத்த முடியும்?” சிரித்துவிட்டேன், அப்புறம் யோசித்தால் நியாயம்தான். வாய்ஸ் மெசேஜைத் திருத்த முடியாது. ஒரே கஷ்டம், ஆறு மாசம் கழித்துத் தொகையைத் தேட வேண்டுமென்றால் நாலு நிமிஷ மெசேஜ் பன்னிரண்டைக் கேட்க வேண்டும், அதில் பாதி மாமா வீட்டு வளைகாப்புச் செய்தியாக இருக்கும். இதே வகையில் இன்னொன்று நன்றாக வேலை செய்கிறது: கொத்தனார் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைப் போட்டோ எடுத்துப் போடுவது. போட்டோவுக்குக் கீழே எழுதுகிற வாசகத்தைத் திருத்தலாமே ஒழிய, போட்டோவைத் திருத்த முடியாது. சாரம் தனியா சேர்த்தா என்பதும் சீட்டிலேயே தெரிந்திருக்கும். தம்பி அன்றைக்கு அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஐந்தாவது கூகுள் ஷீட். பெங்களூர்க்காரன் ஐ.டி.யில் இருக்கிறான், அவனுக்கு எல்லாமே ஷீட்தான். அதில் ஒரு கட்டத்தை யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார்கள் என்று பார்க்க முடியும், முழு ஷீட்டின் பழைய பதிப்புகளையும் திரும்ப எடுக்கலாம். இதெல்லாம் கம்பெனிகளுக்கு இப்போது சட்டமாகவே ஆகிவிட்டது: 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதியோடு பதிவு விழ வேண்டும், அந்தப் பதிவை நிறுத்தி வைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். டேலியில் எடிட் லாக் என்று தனிப் பதிப்பே வந்தது அதற்காகத்தான். பங்காளி வீட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் வழி நல்ல வழி.

கவனிக்க வேண்டியது இரண்டு. ஷீட்டைப் பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்களுக்குத் திருத்த வரலாறு தெரியாது, திருத்தும் அனுமதி உள்ளவர்களுக்குத்தான் தெரியும். சரி, எல்லோருக்கும் திருத்தும் அனுமதி கொடுத்துவிடலாம் என்றால், பஸ்ஸில் போகும்போது போனில் விரல் பட்டு யாராவது ஒரு கட்டத்தைக் காலி பண்ணுவார்கள், சத்தியமாக நடக்கும். லிங்க் கையில் இருக்கிற எவரும் திருத்தலாம் என்று விட்டால் அதைவிட மோசம், யார் திருத்தினார்கள் என்ற இடத்தில் பெயரே இருக்காது. இரண்டாவது, ஷீட்டில் தொகை இருக்கும், பேச்சு இருக்காது. ஏன் 45,000 ஆனது, யார் ஒத்துக்கொண்டார்கள் என்பது அதில் ஏறாது. விக்கிப்பீடியாவில் இதற்கு ஒரு அழகான பழக்கம் உண்டு. பக்கத்தைத் திருத்துகிறவர் எதற்காகத் திருத்தினேன் என்று ஒரு வரி எழுதி வைக்கலாம், வரலாற்றில் அந்த வரியும் சேர்ந்தே நிற்கும். ஷீட்டில் ஒரு காரணப் பத்தியை நாமே போட்டுக்கொண்டால் அந்தக் குறை பாதி தீரும்.

எனக்குப் பிடித்தது இவற்றில் எதுவும் தனியாக இல்லை, கலவைதான். வாட்ஸப்பிலேயே இருப்போம். யாரும் பதில் போடாத வரைக்கும் உங்கள் மெசேஜ் உங்களுடையது, எப்படி வேண்டுமானாலும் திருத்துங்கள், ழகரத்தைச் சரி பண்ணுங்கள், ஐயாயிரத்தை ஆறாயிரம் ஆக்குங்கள். ஒரே ஒருவர் ‘சரி’ போட்டுவிட்டாலும், கட்டைவிரல் போட்டாலும், அதற்குப் பிறகு தொகை, தேதி, ஆள் பெயர் மூன்றையும் தொடக்கூடாது. பழைய மெசேஜை மேற்கோளாக இழுத்துப் புது மெசேஜ் போட வேண்டும், முதல் சொல்லே ‘திருத்தம்’ என்று இருக்க வேண்டும், பழைய தொகை, புதுத் தொகை, காரணம் மூன்றும் அதிலேயே இருக்க வேண்டும். அதோடு முன்னே சொன்ன ‘சரி’கள் எல்லாம் ரத்து. எல்லோரும் மறுபடி சொல்ல வேண்டும். கொஞ்சம் எரிச்சலான வேலைதான். நேற்றுத்தானே சரி சொன்னேன், எத்தனை தடவை சொல்வது என்பார்கள். சொல்லட்டும்.

மேலிருந்து படித்துக்கொண்டு வருகிறவர் பழைய தொகையில் ஏமாறுவாரே என்று கேட்டால், அதற்குத்தான் கோடடிக்கிற வழியில் பாதியை எடுத்துக்கொள்கிறேன். 15 நிமிஷத்துக்குள் என்றால் மூல மெசேஜின் வாசகத்தை அப்படியே விட்டுவிட்டு, அடியில் கீழே திருத்தம் இருக்கிறது பார்க்கவும் என்று ஒரு வரி மட்டும் சேர்க்கலாம். இந்த ஒரு சேர்ப்புக்கு மட்டும் விலக்கு. 15 நிமிஷம் தாண்டிவிட்டால் திருத்த மெசேஜை நான் குழுவின் உச்சியில் பின் பண்ணி வைக்கிறேன், அட்மின் வேலைக்கு அதாவது பயன்படட்டும்.

முடிந்த தொகை ஷீட்டில் ஏறும். திருத்தும் அனுமதி எனக்கும் சென்னை அத்தாச்சிக்கும் மட்டும். நான் போட்டதை அவர் பார்க்கலாம், அவர் போட்டதை நான் பார்க்கலாம். மற்ற யாராவது வரலாறு கேட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட வேண்டியது எங்கள் கடமை, ஏன் கேட்கிறாய் என்று கேட்கக்கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை படைப்பன்று எல்லோரும் வளவில் கூடும்போது ஷீட்டில் இருப்பதை ஒரு நோட்டில் கையால் எழுதி எட்டுப் பங்கும் கையெழுத்துப் போடுவது. இதற்கு மட்டும் பெங்களூர்க்காரன் முகம் சுளித்தான், ஷீட் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று. ஷீட் என் கூகுள் கணக்கில் இருக்கிறது, எனக்கு ஒன்று என்றால் பாஸ்வேர்டை யார் வந்து கேட்பீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை.

எழுத்துப்பிழை விஷயத்தில் மட்டும் இன்னும் ஒரு சண்டை முடியவில்லை. ‘சரி’ விழுந்த பிறகு பிழையைத் திருத்தலாமா, கூடாதா? நான் திருத்தலாம் என்கிறேன், தொகை மாறாத வரைக்கும். சிங்கப்பூர் அண்ணன் ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது என்கிறார். சூடு கண்டவர், அவரைக் குறை சொல்ல முடியாது. திருத்தப்பட்டது என்ற குறியைப் பார்த்தாலே அவருக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறதாம். எது மாறியது என்று தெரியாதபோது பிழைத் திருத்தமா தொகைத் திருத்தமா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார். யோசித்துப் பார்த்தால் அவர் பக்கம்தான் கொஞ்சம் கனமாக இருக்கிறது. நாலு பிழையோடு ஒரு மெசேஜ் கிடந்தால் குடி முழுகிப் போகாது. அவருக்கே விட்டுக்கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

நோட்டு வாங்கிவிட்டேன், காரைக்குடியில், நீளவாக்கில் சிவப்பு ஓரம் வைத்த கணக்கு நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, இரண்டாம் கட்டு ஓடு வேலை, பங்குக்கு 40,000 என்று எழுதி, அதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் 45,000, சாரம் சேர்த்து என்று எழுதி வைத்திருக்கிறேன். தம்பி போன வாரம் ஊருக்கு வந்தபோது அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான், ஒன்றும் பேசவில்லை. அண்ணன் அடுத்த மாசம் வருகிறார்.